பத்து எண்ணும் வரை

பின்னிரவு இரண்டே முக்காலுக்கு
ஆழமானி கண்ணை மூடிக்கொண்டது.
சாண்டோய்த் தீவு எங்களுக்குப் பின்னால், எங்கோ.
முன்னால் பனிமூட்டம். அதற்குள் பாறைகள்.
ஒவ்வொன்றின் பெயரும் எங்களுக்குத் தெரியும்.
நாங்கள் எங்கே இருக்கிறோம் என்பதுதான் தெரியாது.

அணியத்தில் பேட்டூர் ஈயக்குண்டை வீசி வீசிக் கத்துகிறான்:
பதினெட்டுப் பாகம்.
பதினாறு.

பெட்டியைத் திறந்தேன். முடி பொசுங்கிய வாசம்.
அரிசியைவிடக் கொஞ்சம் பெரிய ஒரு மின்தடை
வயிறு வெடித்துக் கிடக்கிறது.
செத்ததிடம் நிறம் கேட்டுப் பயனில்லை.
சூடு, சிவப்பைப் பழுப்பாக்கும்
பழுப்பைக் கருப்பாக்கும்.
நல்லவேளை, மூடியின் உட்புறம் ஒட்டிய படத்தில்
மை இன்னும் பேசுகிறது:
நாலாயிரத்து எழுநூறு ஓம்.

அதாவது மஞ்சள், ஊதா, சிவப்பு.

மஞ்சள் நான்கு. இந்தப் படகில் மழைச்சட்டைகள் நான்கு.
ஊதா ஏழு. படகில் ஊதாவாக எதுவுமில்லை,
ஜனவரியில் டும்மஸின் உதடுகளைத் தவிர.
சிவப்பு இரண்டு, பின்னால் போட வேண்டிய சுழியங்கள்.
பள்ளியில் இப்படித்தான் மனனம் செய்தேன்
ஊரில் கண்டதையெல்லாம் எண்ணி எண்ணி.

மாற்று மின்தடைகள் ஒரு புகையிலை டப்பாவில்.
நவம்பர் அலை ஒன்று இழுப்பறையைக் கவிழ்த்தபின்
எல்லாம் ஒன்றாகக் கலந்துவிட்டன, அறுபதோ எழுபதோ.
அளந்து பார்க்க மீட்டர் உண்டு.
அதன் பேட்டரி போன ஞாயிறு
டும்மஸின் ரேடியோவுக்குள் போனது, கால்பந்து வர்ணனைக்காக.
அதைப் பற்றி இப்போது பேசவில்லை.

சுக்கான் அறையில் எரிவது சிவப்பு விளக்கு,
ஹொக்னியின் கண்கள் இருளுக்குப் பழகியிருக்க.
சிவப்பு விளக்கின் கீழே
சிவப்பு இல்லை.
மஞ்சளும் ஆரஞ்சும்கூட உடம்போடு கரைந்துபோகின்றன.
பச்சையும் நீலமும் கருப்பிடம் போய்ச் சேர்ந்துகொள்கின்றன.
கையில் அள்ளிப் பார்த்தேன்:
எழுபதும் ஒரே பிரசவத்தில் பிறந்தவை.

"வெள்ளை விளக்கு வேண்டும்" என்றேன்.

பதினான்கு, என்றான் பேட்டூர்.

ஹொக்னி கொஞ்ச நேரம் பேசவில்லை.
வெள்ளை விளக்கு என்றால்
அரை மணி நேரம் சேர்த்த இருட்டை
ஒரே நொடியில் செலவழிப்பது.
பிறகு இடது உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார்.
"பத்து எண்ணுவேன், ரன்வா."

ஒன்று.
டப்பாவுக்குள் பூத்துவிட்டது.
இரண்டு. இத்தனை நிறமா, இத்தனை நேரமும் இங்கேதானா.
மூன்று, நான்கு. மஞ்சள் ஊதா ஆரஞ்சு. பத்து மடங்கு. வேண்டாம்.
ஐந்து. தலைகீழாகப் படித்துவிட்டேன்.
ஆறு.
ஏழு. மஞ்சள், ஊதா, சிவப்பு, ஓரத்தில் ஒரு மினுக்கம்.
"தங்கம்" என்றேன் சத்தமாக, காரணமில்லாமல்.
எட்டு என்பதற்குள் அவரே அணைத்துவிட்டார்.

பற்றவைக்க நிறம் தேவையில்லை.
ஈயம் உருகுவதைக் கை அறியும்.
ஹொக்னி உள்ளங்கையை எடுத்தார்.
ஒரு கண் கடலைப் பார்த்தது.
மற்றொன்றில் இன்னும் பச்சைப் புள்ளிகள் மிதந்திருக்கும்.

ஆழமானி இருமுறை கண் சிமிட்டி
பதினொன்று என்றது.
அதே மூச்சில் அணியத்திலிருந்தும், பதினொன்று.
சுக்கான் மெல்ல வலப்புறம் திரும்பியது.

காலையில், துறையில், மீன்பெட்டிகள் இறங்கும்போது
மூடியைத் திறந்து பகல் வெளிச்சத்தில் பார்த்தேன்.
தங்கம் இல்லை. வெள்ளி.
தங்கம் நூற்றுக்கு ஐந்து பிழைப்பேன் என்று
தானே ஒப்புக்கொள்ளும்.
வெள்ளி, பத்து.
அந்த இடத்தில் பத்தால் ஒன்றும் கெட்டுவிடாது,
எனக்கு அது தெரியும்.
ஆனாலும் ஹொக்னியிடம் போய்ச் சொன்னேன்.

அவர் கயிறு சுற்றுவதை நிறுத்தவில்லை.
"நான் எப்போதும்
இரண்டு பாகம் கழித்துத்தான் நம்புகிறேன்.
பேட்டூரையும் அப்படித்தான்" என்றார்.